ஒரே பேட்மேன், மூன்று சான்றிதழ்: ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எதை நம்புவது?

கேள்வி: 2022-இல் வந்த ‘தி பேட்மேன்’ படத்துக்கு அமெரிக்காவில் பி.ஜி-13, பிரிட்டனில் 15, இந்தியாவில் யு/ஏ. ஒரே படத்துக்கு ஏன் மூன்று அளவு? என் மகனுக்கு ஒன்பது வயது, சூப்பர்ஹீரோ என்றால் உயிர். எந்தச் சான்றிதழை நம்பி இந்த மாதிரிப் படங்களுக்கு அவனைக் கூட்டிப்போவது?

பதில்:

முதலில் நேரடி விடை. அந்தப் படத்தை ஒன்பது வயதில் காட்ட வேண்டாம். இந்தியச் சட்டப்படி காட்டலாம், தியேட்டர் வாசலில் யாரும் தடுத்திருக்கவும் மாட்டார்கள். இருந்தாலும் வேண்டாம். காரணம் புரிய வேண்டுமானால், இந்த அடையாளங்கள் எதை அளக்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும்.

எந்தச் சான்றிதழைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது கதவுக்குப் போட்ட பூட்டா, பெற்றோருக்குச் சொன்ன புத்திமதியா? அமெரிக்காவின் பி.ஜி-13 வெறும் புத்திமதி. ‘13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சில பகுதிகள் பொருந்தாமல் இருக்கலாம், பெற்றோர் கவனமாக இருங்கள்’ என்பதோடு சரி. எட்டு வயதுப் பிள்ளை தனியாகப் போனாலும் அந்த விதி தடுக்காது. அதற்கு மேலே உள்ள ஆர் கூடப் பாதிப் பூட்டுதான்: 17 வயதுக்குக் கீழ் உள்ளவர் பெற்றோரோடு வந்தால் உள்ளே விடலாம். இது அரசுச் சட்டமும் இல்லை, திரைத்துறை தானே நடத்தும் ஏற்பாடு. பிரிட்டனில் 12ஏ என்றால் 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையோடு பெரியவர் ஒருவர் வர வேண்டும். 15 என்றால் முழுப் பூட்டு, அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் 14 வயதுப் பிள்ளை உள்ளே போக முடியாது. சிங்கப்பூரில் பி.ஜி.13 புத்திமதி, என்.சி.16-லிருந்து பூட்டு தொடங்குகிறது. இந்தியாவில் ஏ சான்றிதழ் மட்டும்தான் பொதுமக்களுக்கான பூட்டு. ஆக, நீங்கள் சொன்ன மூன்றில் பிரிட்டனின் 15 ஒன்றுதான் பூட்டு, மற்ற இரண்டும் ‘நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்’ என்கின்றன.

இந்த அடையாளங்கள் உருவான கதையிலும் சூப்பர்ஹீரோக்களுக்கு நிறையப் பங்கு உண்டு. அமெரிக்காவில் 1984-இல் ‘இண்டியானா ஜோன்ஸ்’ இரண்டாம் படமும் ‘கிரெம்லின்ஸ்’ படமும் பி.ஜி என்ற மென்மையான அடையாளத்தோடு வந்து, பிள்ளைகளை அழைத்துப்போன பெற்றோரைக் கொதிக்க வைத்தன. பி.ஜி-க்கும் ஆர்-க்கும் நடுவே ஒரு படி வேண்டும் என்று ‘இண்டியானா ஜோன்ஸ்’ இயக்குநர் ஸ்பீல்பெர்க்கே சொன்னார். அந்த ஆண்டு ஜூலை 1 முதல் பி.ஜி-13 நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனில் திரையரங்குகளுக்கான 12 என்ற அடையாளம் 1989-இல் வந்தபோது, அதை முதலில் பெற்ற படம் ‘பேட்மேன்’. 2002-இல் ‘ஸ்பைடர்மேன்’ படத்துக்கு 12 கொடுத்ததும், பத்து வயது ரசிகர்களோடு வந்த பெற்றோர் வாசலிலேயே திரும்ப வேண்டியிருந்தது. சில உள்ளாட்சி மன்றங்கள் தங்கள் அதிகாரத்தைப் பயன்படுத்தித் தங்கள் ஊரில் மட்டும் சின்னப் பிள்ளைகளை அனுமதித்தன. ஏற்கெனவே யோசனையில் இருந்த 12ஏ அந்த ஆகஸ்டிலேயே நடைமுறைக்கு வந்தது. ஆறு ஆண்டு கழித்து ‘தி டார்க் நைட்’ படத்துக்கு 12ஏ கொடுத்தபோது புகார் எதிர்த்திசையிலிருந்து வந்தது. ‘இதையா பிள்ளைகளுக்கு விட்டீர்கள்’ என்று பிரிட்டனின் தணிக்கை வாரியமான பி.பி.எஃப்.சி-க்கு (BBFC) 364 புகார்கள் வந்தன. அந்த ஆண்டு அதிகப் புகார் வாங்கிய படம் அதுதான். ஜெர்மனி அதே படத்துக்கு 16 போட்டிருந்தது.

இனி முக்கியமான விஷயம்.

பி.ஜி-13 வாங்க நினைக்கும் தயாரிப்பாளருக்கு எல்லைகள் நன்றாகத் தெரியும். வன்முறை இருக்கலாம், ஆனால் அது தத்ரூபமாகவும் அதே சமயம் மிகக் கடுமையாகவோ விடாமல் தொடர்வதாகவோ இருக்கக் கூடாது. நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? கத்தி இறங்கும், ஆனால் கேமரா முகத்துக்குப் போய்விடும். ஒரு நகரமே இடியும், ஆனால் பிணங்கள் கண்ணில் படாது. சாவது வேற்றுக்கிரகப் படையாகவோ ரோபோவாகவோ இருந்தால் இரத்தத்தின் நிறம் ஒரு பிரச்சினையே இல்லை. மோசமான கெட்ட வார்த்தை ஒன்று வரலாம், கூடினால் பொதுவாக ஆர். இது எவ்வளவு தொழில்நுட்பமான கணக்கு என்பதற்கு ‘டெட்பூல் 2’ நல்ல உதாரணம். 2018 மே மாதம் ஆர் சான்றிதழோடு வந்த அந்தப் படம், அதே ஆண்டு டிசம்பரில் இரத்தத்தையும் வார்த்தைகளையும் கழித்து, இடையிடையே புதுக் காட்சிகள் சேர்த்து, வேறு பெயரில் பி.ஜி-13 ஆக வெளிவந்தது. கதை மாறவில்லை, கொலைகள் மாறவில்லை. கண்ணுக்குத் தெரியும் அளவு மட்டும் குறைந்தது.

இந்தக் கணக்கால் ஒரு விபரீதம் நடந்திருக்கிறது. 2013-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வின்படி, 1985-லிருந்து பி.ஜி-13 படங்களில் துப்பாக்கி வன்முறை மூன்று மடங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. 2012-இல் அது ஆர் படங்களில் இருந்த அளவையே தாண்டிவிட்டது. இரத்தம் தெரியாமல் சுடலாம் என்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் சுடலாம் என்று ஆகிவிட்டது. காயமும் வலியும் இல்லாத வன்முறையைத்தான் பிள்ளைகளுக்கு ஏற்றது என்று முத்திரை குத்துகிறோம். அடித்தால் வலிக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் இது சரியான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை.

சான்றிதழ் இரத்தத்தையும் வார்த்தையையும் எண்ணுகிறது. பிள்ளைகள் பயப்படுவதோ வேறு விஷயங்களுக்கு. இதை அழகாகக் காட்டிய ஆய்வு 1980-களில் அமெரிக்காவில் நடந்தது. ஜோன் கேன்டர், கிளென் ஸ்பார்க்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ‘இன்க்ரெடிபிள் ஹல்க்’ தொலைக்காட்சித் தொடரை எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைகளை அதிகம் பயமுறுத்தியது, சாதாரண மனிதர் பச்சை நிற ஹல்க்காக மாறும் காட்சி. நமக்கு அது நல்லவர் காப்பாற்ற வருகிறார் என்ற நிம்மதி. அந்த வயதுக் குழந்தைக்கோ உருவம் மாறினால் ஆளே மாறியதுபோல. நல்லவர் போய் ஒரு பூதம் வந்து நிற்கிறது. இதற்கு எந்தத் தணிக்கை வாரியமும் மதிப்பெண் போட முடியாது.

பயத்தின் முகம் வயதோடு மாறுகிறது. ஏழு வயது வரை உருவம்தான் பயமுறுத்தும்: முகம் சிதைந்தவர், திடீரென்று மாறும் உடல், பேரொலி. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, ‘இது நமக்கும் நடக்குமோ’ என்பது: வீட்டுக்குள் புகும் அந்நியன், கடத்தல், அப்பா அம்மா சாவது. இந்த வயதில் பூதத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஆனால் பூட்டாத பின்கதவைப் பார்த்துத் தூங்க மாட்டார்கள். பதின்மூன்றுக்கு மேல் உலகம் கெட்டுக் கிடக்கிறது, யாரையும் நம்ப முடியாது என்ற எண்ணம் தைக்கத் தொடங்கும்.

இப்போது ‘தி பேட்மேன்’ படத்தை உங்கள் மகனின் இடத்திலிருந்து பாருங்கள். தொடக்கத்திலேயே முகமூடி அணிந்த ஒருவன் மேயரின் வீட்டை வெளியிலிருந்து வேவு பார்க்கிறான், பிறகு உள்ளே வந்து இருட்டில் நின்று அவரைக் கொல்கிறான். உடலைக் கண்டுபிடிப்பது மேயரின் சின்ன மகன். பிறகு, முகத்தைச் சுற்றி ஒட்டிய டேப், எலிகள் அடைத்த பொறியில் தலை மாட்டிய மனிதர், கழுத்தில் வெடிகுண்டு கட்டப்பட்ட வழக்கறிஞர், ஒரு பெண் கழுத்து நெரிபடும் ஒலிப்பதிவு. இரத்தம் மிகக் குறைவு. அதனால்தான் பி.ஜி-13-க்குள் அடங்கியது. ஆனால் ஒன்பது வயதின் பயங்கள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. பிரிட்டன் வாரியம் அச்சுறுத்தல், ஒட்டுமொத்த இறுக்கம் ஆகியவற்றையும் கணக்கில் எடுப்பதால், இந்த மாதிரிப் படங்களில் அதன் கணிப்பு பெற்றோருக்கு அதிகம் உதவும்.

இந்தியாவில் இப்போதைய நிலைமை என்ன? 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்கீழ் முதலில் யு, ஏ இரண்டுதான் இருந்தன. 1983-இல் யு/ஏ வந்தது. நாற்பது ஆண்டுகளாக ஏழு வயதுக்கான படமும் பதினாறு வயதுக்கான படமும் அந்த ஒரே பெட்டிக்குள் கிடந்தன. உங்கள் குழப்பத்துக்கும் அதுவே காரணம், 2022-இன் யு/ஏ ‘12 வயதுக்குக் கீழ் பெற்றோர் வழிகாட்டல் தேவை’ என்பதற்கு மேல் வயதைப் பிரித்துச் சொல்லவில்லை. 2023-இல் சட்டம் திருத்தப்பட்டு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+ என்று பிரிக்கப்பட்டது. 2024-இன் இறுதியிலிருந்து புதுப் படங்களுக்கு இந்த அடையாளங்கள்தான் வருகின்றன.

ஆனால் யு/ஏ 16+ என்று போட்டிருந்தாலும் அது பூட்டு இல்லை. வயது அடையாளம் பெற்றோரின் வழிகாட்டலுக்கு மட்டும், வேறு யாரும் அதைக் கட்டாயப்படுத்த முடியாது என்று திருத்தச் சட்டமே சொல்கிறது. தியேட்டர்காரர் தடுக்கவில்லை, அதனால் படம் பரவாயில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தடுக்கும் வேலை சட்டப்படி உங்களுடையது. ஏ சான்றிதழ் வேறு கதை. 18 வயது ஆகாத ஒருவரை அந்தப் படத்துக்கு அனுமதித்தால் தியேட்டர் நடத்துபவர்மேல் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம். ‘லோகன்’, ‘டெட்பூல்’, ‘ஜோக்கர்’ எல்லாம் இங்கே ஏ. அமெரிக்காவில் அப்பாவோடு போய்ப் பார்க்கலாம், இங்கே முடியாது. 2025-இல் ‘கூலி’ படத்துக்கு வன்முறைக்காக ஏ கிடைத்தபோது, யு/ஏ கேட்டுத் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் மனு தள்ளுபடியானது. டிக்கெட் கவுன்ட்டரில் நிற்பவரிடம் ‘நான்தானே அப்பா, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று வாதாடுவதில் பயனில்லை. அவர் விட்டால் சிக்கல் தியேட்டருக்கு.

நம் வாரியத்தின் கவலை பல சமயம் வன்முறையைவிட முத்தத்தின் மேல் இருக்கிறது என்பதையும் கவனத்தில் வையுங்கள். 2025-இன் ‘சூப்பர்மேன்’ படத்தில் 33 விநாடி முத்தக் காட்சியை வெட்டிவிட்டு யு/ஏ 13+ கொடுத்தார்கள் என்று செய்திகள் வந்தன. கட்டடங்கள் சரிவது அப்படியே இருந்தது. ‘சென்சார் வெட்டியிருப்பார்கள்’ என்ற நம்பிக்கையில் போகிறவர்களுக்கு, எது வெட்டப்படுகிறது என்பது தெரிய வேண்டும்.

சரி, டிக்கெட் எடுக்குமுன் என்ன செய்வது? டிக்கெட் செயலியில் பெரும்பாலும் யு/ஏ 13+ என்ற அடையாளம் மட்டும்தான் தெரியும், காரணம் தெரியாது. காரணத்தைத் தேடுங்கள். மிகப் பயனுள்ள இடம் பிரிட்டன் வாரியமான பி.பி.எஃப்.சி-யின் இணையதளம். இலவசம். படத்தின் பெயரைத் தட்டினால் வயது எண்ணோடு ஒரு வரிக் காரணமும், கீழே வன்முறை, அச்சுறுத்தல், காய விவரம், மொழி என்று தனித்தனி விளக்கமும் வரும். அங்கே ‘மெல்லிய’ என்றால் சின்னப் பிள்ளைகளுக்கான அளவு, ‘மிதமான’ என்றால் 12-க்கான அளவு, ‘கடுமையான’ என்றால் 15-க்கானது. மிதமான வன்முறை என்று மட்டும் இருந்தால் ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் சமாளிக்கக்கூடியது. அதே இடத்தில் ‘அச்சுறுத்தல்’, ‘திகில்’, ‘காய விவரம்’ என்ற சொற்கள் சேர்ந்தால் நிதானியுங்கள். 2022-இன் இரண்டாவது ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ படம் 12ஏ-தான், ஆனால் பாதிப் படம் பேய்ப்படம். அந்த ‘திகில்’ என்ற சொல்லைப் பார்க்காமல் போன வீடுகளில் அன்றிரவு விளக்கு அணைந்திருக்காது. பிரிட்டனில் வெளியாகும் தமிழ்ப் படங்களுக்கும் இதே விளக்கம் அங்கே கிடைக்கும்.

அதைப் படித்தபின் நான்கைத் தேடுங்கள். யாருக்கு வலிக்கிறது: மனிதருக்கா, கற்பனை உயிருக்கா? எங்கே நடக்கிறது: வேறு கிரகத்திலா, வீட்டுப் படுக்கையறையிலா? குழந்தைகளுக்கோ பெற்றோருக்கோ ஆபத்து வருகிறதா? யார் அடிக்கிறார்கள்? கடைசிக் கேள்வி பலரும் விட்டுவிடுவது. 2018-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் மாநாட்டில் வைக்கப்பட்ட ஓர் ஆய்வு, 2015, 2016-இல் வந்த பத்து சூப்பர்ஹீரோ படங்களை எண்ணிப் பார்த்தது. மணிக்குச் சராசரியாக நாயகர் தரப்பு 23 வன்செயல், வில்லன் தரப்பு 18. பிள்ளை பின்பற்ற விரும்புவது நாயகனைத்தான். 240 பாலர் வயதுக் குழந்தைகளை ஓராண்டு கவனித்த 2017-இன் இன்னோர் ஆய்வில், சூப்பர்ஹீரோ மோகம் கூடிய பிள்ளைகளிடம் பிற்பாடு முரட்டுத்தனம் கூடியிருந்தது, மற்றவரைப் பாதுகாக்கும் குணம் கூடவில்லை. ஒரு படம் பார்த்தால் பிள்ளை கெட்டுவிடும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ‘நீதிக்காகத்தானே அடிக்கிறான், நல்லதுதான் கற்றுக்கொள்வான்’ என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. அதனால் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருக்காதீர்கள். பேசாமல் கூடப் பார்த்தால், அப்பாவுக்கு இது சம்மதம் என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்கிறது. ‘அந்த ஆளுக்கு எப்படி வலித்திருக்கும்? அடிக்காமல் வேறு வழி இருந்ததா?’ என்ற இரண்டு கேள்வி வீடு திரும்பும் வழியில் போதும்.

தியேட்டரின் ஒலியும் ஒரு விஷயம். சினிமா அரங்குகளின் அடிப்படை அளவு 85 டெசிபல், உச்சத்தில் ஒரு ஸ்பீக்கர் வரிசை 105 வரை போக இடம் உண்டு. ஆறு வயதுக்குக் கீழே என்றால் காதை மூடும் ஹெட்செட் வாங்கிக்கொள்ளுங்கள், ஓரத்து இருக்கை எடுங்கள். பயக் காட்சியில் கண்ணை மட்டும் பொத்தினால் போதாது, சத்தம்தான் பாதிப் பயம்.

வழக்கமாக ஏமாறும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பொம்மைப் பெட்டியில் 4+ என்று இருப்பது, சின்ன பாகங்களை விழுங்கிவிடும் ஆபத்து போன்ற பாதுகாப்புக் கணக்கு. படத்தோடு அதற்குத் தொடர்பில்லை. நாயகனின் பெயரை வைத்தும் முடிவு செய்யாதீர்கள்: ‘லெகோ பேட்மேன்’ பி.ஜி, அதே ஊரில் நடக்கும் ‘ஜோக்கர்’ ஆர். கார்ட்டூன் என்பதாலும் நம்ப வேண்டாம். ‘இன்வின்சிபிள்’ தொடரைக் குழந்தைகள் நிகழ்ச்சி என்று போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனால், முதல் பகுதியின் முடிவிலேயே இரத்தக்களரி. இன்னொன்று, டிவியில் பார்த்த பதிப்பு. ஏ படத்தை அப்படியே டிவியில் போட முடியாது, வெட்டி மறுசான்றிதழ் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டிவியில் குடும்பத்தோடு பார்த்த அதே படம் ஓடிடியில் முழுசாக இருக்கும்.

ஓடிடிக்குத் தணிக்கை வாரியம் கிடையாது. 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி நிறுவனங்களே யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று அடையாளம் போடுகின்றன. 13+ முதல் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும், காரணத்தையும் காட்ட வேண்டும். படம் தொடங்கும்போது மூலையில் சில விநாடி தெரியும் அந்த வரியைப் படியுங்கள். பிள்ளைக்குத் தனி புரொஃபைல் போட்டு வயது வரம்பை அமைப்பது பாதி வேலைதான். உங்கள் புரொஃபைலுக்கு ரகசிய எண் (PIN) போடாவிட்டால் ஒரே தட்டில் அங்கே வந்துவிடுவான். பெரும்பாலான வீடுகளில் பூட்டு தோற்பது இங்கேதான். தானாக ஓடும் முன்னோட்டங்களையும் அணைத்துவிடுங்கள். யூடியூபில் துண்டு துண்டாக வரும் சண்டைக் காட்சிகளுக்கு இந்தப் பூட்டு எட்டாது.

ஒன்பது வயதுக்கு இப்போதே நிம்மதியாகக் காட்டக்கூடியவையும் உண்டு. 2004-இன் ‘இன்க்ரெடிபிள்ஸ்’, 2017-இன் ‘லெகோ பேட்மேன்’, 2018-இன் அனிமேஷன் ‘ஸ்பைடர்மேன்’, மூன்றும் அமெரிக்காவில் பி.ஜி. ‘தி பேட்மேன்’ 13, 14 வயதில் உங்களோடு உட்கார்ந்து பார்க்கட்டும், அப்போது அந்தத் துப்பறியும் கதையும் புரியும்.

ஒருவேளை ஏற்கெனவே பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டிருந்தால், ‘அது வெறும் சினிமா’ என்ற பேச்சு ஐந்து வயதுக்கு உதவாது. பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கொடுங்கள், விளக்கு எரியட்டும். ஒன்பது வயதுக்கு விளக்கம் உதவும். அந்தக் காட்சி எப்படி எடுக்கப்பட்டது என்ற வீடியோவைப் பகலில் சேர்ந்து பாருங்கள், முகமூடிக்குள் இருப்பவர் சிரித்துப் பேசுவதைக் காட்டுங்கள். இரவில் அவனையே கூட்டிக்கொண்டு போய், பின்கதவுத் தாழ்ப்பாளை அவன் கையாலேயே போடச் சொல்லுங்கள்.